அரம் தொடாத மெஷின்

மேலகரத்தில் ஹபீபுல்லா முதலாளியின் பட்டறைக்குப் போய் யார் எதைக் கேட்டாலும், முடியாது என்ற சொல் வராது. தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர் சிவசைலம். பிற்பாடு அதைக் கெடுத்தவரும் அவர்தான். கெடுத்ததற்காக அவரை ஏசினவர்கள் ஏராளம். ஏன் கெடுத்தார் என்று கேட்டவர்கள் ரொம்பக் குறைவு.

இலஞ்சியில் தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்த மனுஷர். பதினேழு வயதில் ஒரு நூல் மில் பட்டறையில் சேர்ந்து, மர அச்சு செய்யப் படித்துக்கொண்டார். இரும்பில் ஒரு சாமான் வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை மரத்தில் செய்தாக வேண்டும். அந்த அச்சை மணலில் பதித்து எடுத்து, விழுந்த குழியில் உருகின இரும்பை ஊற்றுவார்கள். மரத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் இரும்பில் வரும். 1951ல் ஹபீபுல்லா, குற்றாலம் போகிற ரோட்டோரம் உலை வைத்துப் பட்டறை தொடங்கினபோது, ஆள் விட்டு முதலில் அழைத்தது சிவசைலத்தைத்தான்.

அங்கே அவர் செய்த மெஷின் நிலக்கடலை உடைக்கிற மெஷின். மேலே வாய். அதில் கடலையைக் கொட்டினால் உள்ளே ஓர் உருளை சுற்றிக் கடலையின் மேலோட்டை உடைக்கும். கீழே சல்லடை. பக்கத்தில் ஆயில் என்ஜினை வைத்து பெல்ட் மாட்டி ஓட்டுவார்கள். முதல் மெஷின் நன்றாக ஓடியது. ஓடினதும் வந்தது வினை.

புளியங்குடிக்காரர் வந்து, எனக்கு வாய் இன்னும் ஓரடி உசரமாக இருக்கட்டும் என்றார். சுரண்டைக்காரர் தோலை ஊதித் தள்ள ஒரு விசிறி கேட்டார். இன்னொருவர் அதே மெஷினில் ஆமணக்கையும் உடைக்க வேண்டும் என்றார். "செஞ்சிருவோம்" என்பார் முதலாளி. சிவசைலம் தலையை ஆட்டுவார். இருக்கிற மர அச்சை எடுத்து ஓரிடத்தில் செதுக்குவார், ஓரிடத்தில் பட்டை வைத்து ஒட்டுவார். மெஷின்களுக்கு நம்பர் கிடையாது, வாங்கினவர் ஊர்தான் பெயர். புளியங்குடி மெஷின், சுரண்டை மெஷின், ராயகிரி மெஷின் என்று பெற்ற பிள்ளைகளைச் சொல்வது போலச் சொல்லுவார்கள். இருபத்துமூன்று மெஷின் விற்றார்கள். ஒன்று போல ஒன்று இல்லை.

படம் வரைந்து வைக்கிற வழக்கமெல்லாம் இல்லை. எந்த ஊர் மெஷினில் என்ன மாற்றம் என்று கேட்டால் சிவசைலம் விரலால் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். வீட்டில் கோமதியம்மாள் கடையில் நாலு சாமான் வாங்கிவரச் சொன்னால் மூன்றோடு வந்து நிற்கிற மனுஷர்தான். ஆனால் சுரண்டை மெஷினின் உருளையில் எத்தனை கம்பி என்று கேட்டால் பட்டென்று சொல்லுவார். அதில் அவருக்கு அவ்வளவு கர்வம். இன்னொரு கர்வமும் உண்டு. அச்சில் பட்டை ஒட்டினால் ஒட்டு தெரியக் கூடாது. வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டி, இழைத்து, மெருகு போட்டு வைத்தாரென்றால் அவரே தடவிப் பார்த்தாலும் எங்கே ஒட்டினோம் என்று தெரியாது. அந்தக் கைத்திறன்தான் ஒரு பெண்ணின் கையை வாங்கியது.

அது நடந்த விதம் இப்படி. 1956 ஐப்பசியில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் வந்து மெஷினுக்கு வாய் மட்டும் பெரிதாக வேண்டும் என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. வாய் பெரிதானதும் கடலை கூடுதலாக விழுந்தது. உருளை திணறியது. உருளையைப் பெரிதாக்கினார்கள். பெரிய உருளையை இழுக்க மூன்றங்குல பெல்ட் போதவில்லை, வழுக்கியது. நாலங்குல பெல்ட் போட்டார்கள். பெல்ட் அகலமானதும் அதைத் தள்ளுகிற கவை இடுக்கமாகிவிட்டது. கவையின் அச்சில் ஒரு பட்டையை ஒட்டி அகலமாக்கினார் சிவசைலம். ஒருவர் வாயைக் கேட்டதற்கு நாலு இடத்தில் மாறியது. அன்றைக்கு யாரும் அதை அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததென்று தோசை வாங்கித் தின்றார்கள்.

கவை என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டேயிருக்கும், சட்டென்று நிறுத்த முடியாது. அதனால் மெஷினில் இரண்டு புல்லி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று உருளையைச் சுற்றுகிற புல்லி, மற்றது சும்மா சுற்றுகிற புல்லி. கைப்பிடியைத் தள்ளினால் கவை பெல்ட்டை இரண்டு பக்கமும் பிடித்து, சும்மா சுற்றுகிற புல்லிக்கு நகர்த்தும். உருளை நின்றுவிடும். கவை பிடித்தபடி இருக்கிற வரைக்கும் பெல்ட் அங்கேயே ஓடும். கடலை அடைத்துக்கொண்டால் அப்போதுதான் கையை விட்டு எடுப்பார்கள்.

மார்கழியில் ராயகிரியிலிருந்து மெஷின்காரர் சொரிமுத்து பஸ்ஸில் வந்தார். அவர் மெஷினின் கவை இரண்டாக ஒடிந்திருந்தது. துண்டுகளைச் சாக்கில் கொண்டுவந்து போட்டு, கடலை எடுக்கிற சமயம், உடனே வேணும் அண்ணாச்சி என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிவசைலம் அலமாரியிலிருந்து கவை அச்சை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் வார்த்துக் கொடுத்தாகிவிட்டது. அந்த அச்சில் கடையநல்லூருக்காக ஒட்டின பட்டை அப்படியே இருந்தது. நெற்றிக்குள் வைத்திருந்த நூறு மாற்றங்களில் அந்த ஒன்று நழுவிவிட்டது. ஒட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ராயகிரி போய் மாட்டிவிட்டு வந்தவன், பட்டறையில் சாமான்களைப் பொருத்துகிற பிட்டர் இசக்கிப்பாண்டி. கெட்டிக்காரன். துளை ஒத்துவரவில்லை என்று அரத்தால் ராவி, தட்டிப் பொருத்திவிட்டான். பெல்ட்டுக்கும் கவைக்கும் நடுவே முக்கால் அங்குலம் இடம் கிடந்தது. பெல்ட் உரசாமல் தாராளமாக ஓடும், நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

தை மாதம் பிறந்து பத்து நாள் இருக்கும். சொரிமுத்துவின் கொட்டகையில் மாடத்தி என்ற பெண் கடலை போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். கடலை அடைத்தது. கைப்பிடியைத் தள்ளினாள். உருளை நின்றது. வலது கையை உள்ளே விட்டாள். அந்த முக்கால் அங்குல இடத்தில் பெல்ட் மெல்ல நகர்ந்து, உருளைப் புல்லியின் ஓரத்தைத் தொட்டு ஏறிக்கொண்டது, உருளை சுற்றியது. ஆஸ்பத்திரியில் மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மேலகரத்துக்குத் தகவல் வந்தது இரண்டு வாரம் கழித்து. அதுவும், பெண்கள் மெஷின் பக்கம் வரப் பயப்படுகிறார்கள், வந்து ஒருதரம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று. சிவசைலமும் இசக்கிப்பாண்டியும் போனார்கள். கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"மெஷின் மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. பொம்பளை அவசரப்பட்டுட்டா. நிறுத்தாம கைய விட்டிருக்கா" என்றார் சொரிமுத்து.

சிவசைலம் குனிந்து கவையைப் பார்த்தார். மடக்கு ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தார். ஸ்கேல் வைக்கவே வேண்டியதில்லை, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது எதிரே மாடத்தி நின்றாள். துணி சுற்றின கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

"நீங்கதான் இந்த மெஷினச் செஞ்சவுகளா?"

"ஆமா தாயி."

"நான் நிறுத்திட்டுத்தான் கைய விட்டேன். உருளை நின்னதக் கண்ணால பாத்தேன். எல்லாரும் நான் பொய் சொல்லுதேங்காக. எம் புருசனும் அதத்தான் சொல்லுதாரு. இனி எந்தக் கொட்டகையிலயும் என்னச் சேக்க மாட்டாகளாம். செஞ்சவுகளுக்குத் தெரியும்லா. நீங்க சொல்லுங்க."

சிவசைலம் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. பட்டறையின் பெயர், முதலாளியின் முகம், இசக்கிப்பாண்டியின் பிழைப்பு என்று என்னென்னவோ குறுக்கே வந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டார். அதெல்லாம் சும்மா. பயந்துவிட்டார், அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வயது மனுஷர் பதினைந்து பேருக்கு முன்னால் பயந்துபோய் ஸ்கேலை மடக்கிப் பையில் வைத்தார். மாடத்தி அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

கவையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சரியானது வரும் வரைக்கும் மெஷினை ஓட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் கடையநல்லூர் தாண்டின பிறகு இசக்கிப்பாண்டி கேட்டான்.

"அண்ணாச்சி, கவை தப்புதான?"

"தப்புதான்."

"பெறவு ஏன் அங்கன சொல்லலை?"

சிவசைலம் மடியில் கிடந்த கவையைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினார். இருபத்துமூன்று மெஷினையும் போய்ப் பார்த்தார். ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு சாமானையும் அளந்து எழுதினார். நெற்றிக்குள் இருந்ததற்கும் மெஷினில் இருந்ததற்கும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகவில்லை. கவை மட்டும் ஒன்பது தினுசு. நாலு மெஷினில் ராயகிரியைப் போலவே பெல்ட் நகர இடம் இருந்தது. அவற்றை அங்கேயே நிறுத்தச் சொல்லி, புதுக் கவை செய்து கொண்டுபோய் மாட்டினார். எல்லாம் முடிய இரண்டரை மாதம் ஆயிற்று. நோட்டு நிறைந்திருந்தது. நாம் செய்தது என்னவென்று நமக்கே தெரியாமல் இத்தனை நாள் செய்திருக்கிறோம் என்பதுதான் அந்த நோட்டில் இருந்த சங்கதி.

நோட்டை முதலாளி முன்னால் வைத்தார்.

"இனிமே ஒரே மெஷின்தான் முதலாளி. ஒரே வாய், ஒரே உருளை, ஒரே கவை. வாங்குறவுக அத வாங்கட்டும்."

ஹபீபுல்லாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னவே பேசுதீரு? கேட்டவனுக்குக் கேட்டதச் செஞ்சு குடுத்துத்தான் இந்தப் பட்டறை நிக்குது. ஒருத்தனுக்கு விசிறி வேணும், ஒருத்தனுக்கு வேண்டாம். சட்டை எல்லாருக்கும் ஒரே அளவுலயா தைக்க முடியும்?"

"சட்டை பத்தலைன்னா கை போவாது முதலாளி."

முதலாளி எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பட்டறைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, மர அச்சுகள் அடுக்கியிருந்த அலமாரி முன்னால் நின்றார்.

"ராயகிரி போயிருந்தேன்" என்றார். "அந்தப் பிள்ள வீட்டு வாசல்ல ஒத்தக் கையால வெறகு ஒடிச்சிட்டிருந்தா. கால்ல மிதிச்சுக்கிட்டு ஒடிக்கா. என்கிட்டயும் அதத்தான் கேட்டா. நீரு அவ கேட்டதுக்குப் பதில் சொன்னீரா?"

"சொல்லலை."

"நானும் சொல்லலவே. பாத்துட்டு வந்துட்டேன்." ஓர் அச்சைக் கையில் எடுத்தார். பிறகு, "இதுல எது உண்மையான அச்சு, எது ஒட்டுப் போட்டதுன்னு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது."

"அப்ப உலையில போடும்."

ஆறு வருஷத்து வேலை. நல்ல தேக்கு. சிவசைலம் ஒவ்வொன்றாக எடுத்து உலையில் போட்டார். இசக்கிப்பாண்டி பார்க்கச் சகிக்காமல் வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

புது மெஷினை முதலில் காகிதத்தில் படமாகப் போட்டார்கள். அப்புறம் இரும்புத் தகட்டில் அளவு வெட்டினார்கள். கவைக்கு ஒரு தகடு, புல்லிக்கு ஒரு தகடு என்று ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்று. வார்த்து வந்த சாமான் தகட்டுக்குள் சரியாக உட்கார்ந்தால் நல்லது. உட்காராவிட்டால் உடைத்துத் திரும்ப உலையில் போட வேண்டியதுதான். கொஞ்சம் ராவினால் சேர்ந்துவிடும் என்கிற பேச்சே கிடையாது.

அதற்காக அவர் செய்த காரியம்தான் இசக்கிப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. மெஷினை மாட்டிச் சேர்க்கிற இடத்தில் இருந்த அரங்கள் அத்தனையையும் ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். பிட்டர் கையில் அரம் இல்லையென்றால் அவன் எதற்கு?

"என்னய வீட்டுக்குப் போவச் சொல்லிருங்க அண்ணாச்சி. அதுக்கு இது ஒரு வழியா?"

"ஏலே, உன் மேல குத்தம் சொல்லலை. நான் தப்பா குடுத்தத நீ அரத்தால சரியாக்குன. அதனாலதான் தப்பு தப்புன்னு தெரியாமப் போச்சு. அரம் இல்லன்னா அன்னைக்கே சேரலைன்னு தூக்கி எறிஞ்சிருப்ப."

இசக்கிப்பாண்டி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன் மாறியது 1958 கார்த்திகையில். அன்றைக்கு ஐந்து மெஷினுக்கான சாமான்களைச் சிவசைலம் தரையில் ஒரே குவியலாகக் கொட்டிக் கலைத்துவிட்டார். எதில் எது என்று பாராமல் கையில் கிடைத்ததை எடுத்துப் பூட்டச் சொன்னார். இசக்கிப்பாண்டி வேண்டாவெறுப்பாகத் தொடங்கினான். ஸ்பானரும் வெறுங்கையும்தான். மத்தியானத்துக்குள் மூன்று மெஷின் எழுந்து நின்றன. சாயங்காலம் ஐந்தும் நின்றன. அவன் ஒரு மெஷினின் கவையைக் கழற்றி அடுத்ததில் மாட்டினான். அதிலிருந்து கழற்றி மூன்றாவதில் மாட்டினான். மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டேயிருந்தான். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கப் போவோமா அண்ணாச்சி என்றான்.

மாற்றமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதற்கு ஒரு காலம் வைத்தார். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் குற்றாலத்தில் சீசன். மேலகரத்தில் சாரல் ஓயாது. மணல் ஈரமாகவே இருக்கும், வார்த்தால் இரும்பு கொப்புளிக்கும், அதனால் அந்த நாட்களில் உலை மூட்டுவதில்லை. முன்பெல்லாம் ஆட்கள் அருவியில் போய்க் குளித்துவிட்டு வந்து படுத்திருப்பார்கள். இப்போது சுவரில் ஒரு பலகை மாட்டினார். வருஷம் முழுக்க யார் எந்த மாற்றம் கேட்டாலும் அதில் எழுத வேண்டியது. சாரல் வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, இதை மாற்றினால் வேறு எதெல்லாம் மாறும் என்று கடைசிக் கண்ணி வரைக்கும் போய்ப் பார்ப்பது. சரிப்பட்டால் எல்லா மெஷினிலும் மாற்றுவது. சரிப்படாவிட்டால் பலகையிலிருந்து அழித்துவிடுவது. ஒரு மெஷினுக்கு மட்டும் என்று எதுவும் கிடையாது. 1968ல் கண் மங்கி வேலையை விடுகிற வரைக்கும் சிவசைலம் இதை ஒரு வருஷமும் மீறவில்லை.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. ஹபீபுல்லா பட்டறை தாலுகா ஆபீஸ் ஆகிவிட்டது, மனுக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சிவகிரிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் காரிலேயே உட்கார்ந்து கத்திவிட்டுப் போனார். முதலாளியின் சம்பந்தியே விசிறி கேட்டு, இல்லையென்றதும் வேறு ஊரில் போய் வாங்கினார். புது மெஷின் வந்த முதல் வருஷம் விற்றது நாலே மெஷின். ஹபீபுல்லா ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அந்த மட்டுக்கு அவர் பெரிய மனுஷர்தான்.

ஆனால் சிவசைலத்துக்கு நெஞ்சில் உறுத்தல் அடங்கவில்லை. மெஷினைத் திருத்தியாயிற்று. சொல்ல வேண்டியவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. ராயகிரிப் பக்கம் போய்வருகிற யாரைப் பார்த்தாலும் மாடத்தியைப் பற்றி விசாரிப்பார். எந்தக் கொட்டகையிலும் அவளைச் சேர்ப்பதில்லை, அவசரக்காரி, பொய்க்காரி என்று பெயராகிவிட்டது என்பார்கள். கேட்டுவிட்டு அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தால் கோமதியம்மாள் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருக்கும்.

1959 மாசியில் ராயகிரிக்குப் பழைய மெஷினுக்குப் பதிலாகப் புது மெஷின் போயிற்று. சிவசைலமும் இசக்கிப்பாண்டியும் லாரியில் கூடவே போனார்கள். புது மெஷினைப் பார்க்கக் கொட்டகையில் ஊரே கூடியிருந்தது. என்ஜினைக் கிளப்பலாமா என்று சொரிமுத்து கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க. மாடத்தியக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க" என்றார் சிவசைலம்.

அவள் வந்து ஓரமாக நின்றாள். அவர் அவளைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னால இந்தப் பிள்ள மெஷின நிறுத்திட்டுத்தான் கைய விட்டுச்சு. பொய் சொல்லலை. அவசரப்படலை. நான் குடுத்த கவை வேற மெஷினுக்கு உள்ளது. அகலம் கூடுதல். அதான் பெல்ட் தானா ஏறிருச்சு. அன்னைக்கே எனக்குத் தெரியும். இங்கன நின்னு பாத்துட்டு, சொல்லாமப் போயிட்டேன். குத்தம் என்னுது."

சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். கூட்டத்தில் மாடத்தியின் புருஷனும் இருந்தான். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

மாடத்தி அழவில்லை. "இத அன்னைக்குச் சொல்லியிருந்தா ரெண்டு வருசம் நான் மனுசியா நடமாடியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிவசைலம் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

பிறகு அவள் மெஷினின் அருகே வந்தாள். சுற்றி வந்து பார்த்தாள். கைப்பிடி வலது பக்கம் இருந்தது. மணிக்கட்டு இல்லாத கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

"இத நான் எந்தக் கையால தள்ள?"

அவள் கடலை போட மறுபடி வருவாள் என்று சிவசைலம் எண்ணியே பார்க்கவில்லை. இடது கையால் தள்ள வேண்டுமென்றால் அவள் மெஷினின் வாய்க்குக் குறுக்கே சாய வேண்டும். இசக்கிப்பாண்டி பட்டென்று சொன்னான். "பத்து நிமிசம் அண்ணாச்சி. ஒரு கம்பியக் காய்ச்சி வளைச்சு இந்தப் பக்கம் கொண்டாந்துருதேன்."

எல்லோரும் சிவசைலத்தைப் பார்த்தார்கள். அவளுக்குச் செய்ய மாட்டேன் என்று எந்த வாயால் சொல்லுவது?

"வேண்டாம்லே" என்றார். பிறகு மாடத்தியிடம் சொன்னார். "தாயி, இப்படி ஆளுக்கு ஒண்ணா வளைச்சு வளைச்சுத்தான் உன் கை போச்சு. ஒனக்காக இன்னொரு தடவ அதச் செய்ய மாட்டேன். சாரல் வரட்டும். எல்லா மெஷினுக்கும் சேத்து மாத்துதேன். ஆறேழு மாசம் ஆவும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. இரக்கமில்லாத மனுஷன் என்று ஒரு கிழவர் வாய்விட்டே சொன்னார். மாடத்தி சிவசைலத்தை நேராகப் பார்த்தாள்.

"ரெண்டு வருசம் பொறுத்தவ ஏழு மாசம் பொறுக்க மாட்டனா? சொன்னதச் செய்யுங்க."

அந்த வருஷம் பலகையில் முதல் வரியாக அதுதான் இருந்தது: ராயகிரி மாடத்தி, இடது கை. சாரல் முழுக்க அதிலேயே போயிற்று. கைப்பிடியை இடது பக்கம் கொண்டுபோனால் அதன் தண்டு மெஷினின் ஒரு காலில் இடித்தது. காலை நகர்த்தினால் சல்லடை வெளியே வர வழியில்லை. ஏழு தடவை படம் போட்டுக் கிழித்தார்கள். கடைசியில் கைப்பிடியையே எடுத்துவிட்டு, மெஷினின் முன்பக்கம் இடுப்பு உயரத்தில் நீளத்துக்கும் ஒரே கம்பி வைத்தார்கள். எந்தக் கையாலும் தள்ளலாம், கை வேலையாக இருந்தால் இடுப்பாலும் தள்ளலாம். தள்ளியதும் ஒரு கொக்கி தானாக விழுந்து கவையைப் பூட்டிக்கொள்ளும். அந்தக் கம்பி இனிச் செய்கிற எல்லா மெஷினிலும் இருக்கும், விற்ற மெஷின்களுக்கும் போகும் என்று எழுதினார்கள்.

புரட்டாசியில் கம்பியும் கொக்கியும் ராயகிரிக்குப் போயின. இசக்கிப்பாண்டி ஸ்பானரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அரைமணி நேரத்தில் பூட்டிவிட்டான். என்ஜினைக் கிளப்பினார்கள். மாடத்தி மெஷின் முன்னால் நின்று கடலையைக் கொட்டினாள். நன்றாக ஓடியது. அரை மூட்டை போனபோது அடைத்துக்கொண்டது. அவள் இடது கையால் கம்பியைத் தள்ளினாள். கொக்கி விழுந்த சத்தம் கேட்டது. உருளை நின்றது. பெல்ட் சும்மா புல்லியில் ஓடிக்கொண்டிருந்தது.

சிவசைலம் ஓடிப்போய் ஒரு குச்சியை எடுத்து நீட்டினார். "இதால தள்ளு தாயி."

அவள் குச்சியை வாங்கவில்லை. ஓடுகிற பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நிக்கும்னு சொல்லுதியளா?"

"நிக்கும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு இனி இது ஒண்ணுதான் இருக்கு."

இந்தத் தடவை சிவசைலம் பேசினார். "நிக்கும் தாயி."

"அப்ப குச்சி எதுக்கு?"

மாடத்தி இடது கையை முழங்கை வரைக்கும் மெஷினின் வாய்க்குள் விட்டாள். என்ஜின் இரைந்துகொண்டிருந்தது. அவள் அவசரப்படவில்லை. உள்ளே துழாவி, இறுகிக் கிடந்த கடலையைப் பிடி பிடியாக எடுத்து வெளியே போட்டாள். இசக்கிப்பாண்டி கண்ணை மூடிக்கொண்டான். சிவசைலம் மூடவில்லை. அவள் கடைசிப் பிடியையும் எடுத்துப் போட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கொக்கியைத் தூக்கிக் கம்பியைத் தன் பக்கம் இழுத்தாள். உருளை மறுபடி சுற்றத் தொடங்கியது.